தெளியும்வரை

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பெருந்தெருவில் செட்டிபாளையம், மாங்காடு கழிந்தால் எங்கள் ஊர், தேற்றாத்தீவு. கிழக்கே கடல், மேற்கே வாவி. நடுவே மணல், அந்த மணலில் கிணறுகள், கிணற்றடியில் வெற்றிலைக் கொடிகள். தேற்றா மரங்கள் செறிந்து நின்ற இடமாதலால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள்.

மாரி வெள்ளம் ஏறி வடிந்த நாட்களில் கிணற்றுத் தண்ணீர் கலங்கிக் கிடக்கும். அம்மா ஒரு தேற்றாங்கொட்டையை எடுத்து மண்பானையின் உட்புறத்தில் வட்டமாக உரசுவா. பிறகு தண்ணீரை ஊற்றி மூடிவைப்பா. கொட்டையிலிருந்து கரையும் பசைப்பொருள், நீரில் மிதக்கும் நுண்ணிய மண்ணை ஒன்றோடொன்று சேர்த்துக் கனமாக்கி அடியில் படிய வைக்கிறது என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். சிறுவனாக இருந்தபோது பொறுமையில்லை. மூடியைத் திறந்து கையை விடப்போவேன். "ஆட்டப்படாது மனே. சும்மா இரு. அது தானாத் தெளியும்" என்பா.

அந்த அம்மாவைத்தான் நான் ஒருநாள் தெளிய விடவில்லை.

பல ஆண்டுகளுக்கு முந்திய கதை. அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி. எங்கள் மாவட்டத்துக்கு வெளியே, தூரத்து நகரமொன்றின் வைத்தியசாலையில் வாட்டில் கிடத்தியிருந்தார்கள். மறுநாள் காலையில் சதையில் ஒரு துண்டு வெட்டிச் சோதிக்க வேண்டும். மாலையில் ஒரு படிவம் வந்தது. சிங்களமும் ஆங்கிலமுமாக மூன்று பக்கம். கொண்டுவந்த தாதி மிஸ்ஸிக்கு இன்னும் எத்தனையோ கட்டில்கள் இருந்தன. அம்மா தாளை வாங்கி, திருப்பி, மறுபடி திருப்பிப் பார்த்தா. தமிழ்ப் பத்திரிகையை எழுத்துவிடாமல் வாசிக்கிற மனுசி அவ. அதில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை.

"இது என்னத்துக்கு மனே?"

"சும்மா ஒரு ஒப்பந்தாம்மா. எல்லாரும் வைக்கிறதுதான். உங்களுக்கு இதெல்லாம் விளங்காது. வைங்க."

அம்மா ஒப்பம் வைத்தா. என்னை நம்பி வைத்தா.

அவ காலமாகி நெடுநாள் கழிந்து, பழைய தாள்களை ஒழுங்குபடுத்தும்போது அந்தப் படிவத்தின் பிரதி கையில் அகப்பட்டது. முதன்முறையாக முழுதும் வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: சோதனைக்குப் பின் எஞ்சும் இழையத்தை வைத்துக்கொள்ளவும், கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தவும் நோயாளி சம்மதிக்கிறார். கீழே அம்மாவின் கையெழுத்து, கோணலாக, கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கி. அந்தத் துண்டு குப்பைக்குப் போயிருக்கலாம். மெழுகில் பதித்து ஒரு தட்டில் இருக்கலாம். ஒரு மாணவர் நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பாடம் படித்திருக்கலாம். அதில் எனக்கு மனவருத்தமில்லை. அம்மா அறியாத ஒன்றுக்கு அம்மாவின் கையெழுத்து இருக்கிறதே, அதுதான் உறுத்தியது. அந்த உறுத்தல் தந்த கேள்விகளோடு நான் தேடிப் படித்தவற்றில் ஒரு சம்பவம் என்னை விட்டுப் போகவில்லை. அது சென்னையில் நடந்தது.

1985இன் கடைசி. எயிட்ஸ் என்பது அமெரிக்காவில் எங்கோ இருக்கும் நோய், நம்மை அண்டாது என்று இந்தியா நம்பியிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், இங்கே அந்தக் கிருமி இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொன்னார். நிர்மலாவுக்கு வயது 32. சின்னப் பிள்ளைகளின் தாய். 200 இரத்த மாதிரிகள் சேர்க்க வேண்டும். யாரிடம் சேர்ப்பது? பாலியல் தொழில் செய்து பொலிசில் பிடிபட்டு, பிணைக்குப் பணமில்லாமல் அரசின் காப்பகத்தில் அடைபட்டிருந்த பெண்களிடம். நாள்தோறும் அங்கே போனார். கணவர் ராமமூர்த்தி கூடப்போய் உதவினார். கையுறை இல்லை, பாதுகாப்புச் சாதனம் ஒன்றுமில்லை. மூன்று மாதத்தில் 80க்கு மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. வைக்க வேறிடம் இல்லாததால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்.

சென்னையில் பரிசோதிக்க வசதியில்லை. 1986 பெப்ரவரியில் மாதிரிகளை எடுத்துக்கொண்டு இரவு ரயிலேறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே பேராசிரியர் ஜேக்கப் ஜான் ஆய்வுகூடத்தைத் திறந்துவிட்டார். ஆறு மாதிரிகள் நிறம் மாறின. மறுபடி சோதித்தார்கள். மறுபடியும் ஆறு. அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்தும் அதே முடிவு. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் ஹண்டே அறிவித்தார். ஒரு பெருந்தேசம் விழித்துக்கொண்டது. இரத்தத்தைச் சோதித்து ஏற்றும் ஏற்பாடுகளும் கண்காணிப்பும் அந்த விழிப்பிலிருந்து பிறந்தவை. அதனால் பிழைத்த உயிர்களை எண்ணிக் கணக்குச் சொல்ல ஒருவராலும் முடியாது.

நிர்மலாவின் துணிச்சலை நான் வணங்குகிறேன். ஊசியைக் கையாண்ட ஒவ்வொரு நாளும் அவர் தன் உயிரைப் பணயம் வைத்தார். பல்லாண்டுகள் கழித்து ஒரு செவ்வியில் அவர் ஒளிவு மறைவில்லாமல் ஒன்றைச் சொன்னார். எதைத் தேடுகிறேன் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லவில்லை. பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், எயிட்ஸ் என்று சொல்லியிருந்தாலும் அவர்களுக்கு விளங்கியிராது. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள்.

'விளங்கியிராது' என்ற இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டேன். வாட்டில், கட்டிலருகே நின்று நான் சொன்ன அதே சொல்.

அந்தச் சொல்லைச் சொல்பவர்கள் கெட்டவர்களல்ல. நிர்மலா நல்லவர். நானும் அம்மாவுக்குக் கெடுதல் நினைத்தவனல்ல. அதுதான் அந்தச் சொல்லின் ஆபத்து. அன்புள்ளவர்களின் வாயிலும் அறிவுள்ளவர்களின் வாயிலும் அது சுலபமாக வந்துவிடுகிறது. கேட்பவரின் அறிவை அளந்து சொன்னதுபோல ஒலிக்கும். உண்மையில் சொல்பவருக்கு உட்கார்ந்து சொல்ல நேரமில்லை, மனமில்லை, சொல்லத் தெரியவில்லை. 'எனக்குச் சொல்ல முடியவில்லை' என்பதைத்தான் 'உனக்கு விளங்காது' என்று திருப்பிப் போட்டுவிடுகிறோம்.

அந்தப் பெண்களுக்கு என்ன விளங்கியிராது? புதிய நோய் ஒன்று வந்திருக்கிறது, உடலுறவால் தொற்றும், இரத்தத்தால் தொற்றும், மருந்தில்லை, அது உங்களிடம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு குழாய் இரத்தம் வேண்டும். இந்த நாலு வரியை விளங்கிக்கொள்ள எழுத்தறிவு எதற்கு? உடலைக்கொண்டு பிழைத்தவர்களுக்கு உடலின் ஆபத்து யாரையும்விடக் கூர்மையாக விளங்கியிருக்கும். ஆனால் அவர்கள் அடைபட்டிருந்தவர்கள். கேட்டிருந்தாலும், மறுத்தால் என்ன நேருமோ என்ற பயத்தில்தான் பதில் வந்திருக்கும். கதவு பூட்டியிருக்கும் இடத்தில் சம்மதம் கேட்பது இரண்டு மடங்கு கடினம். ஆகவே அங்கே இரண்டு மடங்கு கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

சொல்லாமல் எடுத்ததன் நிழல் நீளமானது. பின்வந்த ஆண்டுகளில், சோதனையில் எச்.ஐ.வி. தொற்று தெரிந்த பெண்கள் அதே காரணத்துக்காகவே வெளியே விடப்படாமல் காப்பகத்தில் நிறுத்திவைக்கப்பட்டார்கள். அவர்களை மீட்கப் பத்திரிகையாளர் ஷ்யாமளா நடராஜ் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. சோதிக்கும்போது பேசாத நாடு, முடிவு தெரிந்ததும் பூட்டைத் தேடியது. கேட்டு எடுத்த இரத்தமாயிருந்தால், அந்த முடிவுக்கு உரியவள் அந்தப் பெண் என்ற நினைவாவது இருந்திருக்கும். எச்.ஐ.வி. சோதனைக்கு முன் விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெறுவதை இந்தியா சட்டமாக்கியது 2017இல். அந்த ஆறு மாதிரிகளிலிருந்து முப்பத்தோரு ஆண்டு கழித்து.

உலகம் நன்கறிந்த கதை இதற்கும் மூத்தது. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலைக்கு ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் வந்தார். புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர், ஐந்து பிள்ளைகளின் தாய், வயது 30. கருப்பைக் கழுத்தில் புற்றுநோய். சிகிச்சையின்போது அவரிடம் கேளாமல் வெட்டியெடுத்த சிறு துண்டு, ஜோர்ஜ் கை என்பவரின் ஆய்வுகூடத்துக்குப் போனது. மற்றவர்களின் கலங்கள் சில நாட்களில் செத்துப்போயின. இவருடையவை ஒரு நாளுக்கொருமுறை இரட்டித்துப் பெருகின. அந்த ஒக்டோபரிலேயே அவர் இறந்தார். ஹீலா என்று பெயரிடப்பட்ட அவரது கலங்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் வாழ்கின்றன. போலியோத் தடுப்பூசியைக் களத்தில் பரிசோதித்தபோது, பிள்ளைகளின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டானதா என்று அளக்க இந்தக் கலங்களே உதவின. குடும்பத்தாருக்கு விஷயம் தெரியவந்தது 1973இல். இருபத்திரண்டு ஆண்டுகள் தாயின் ஒரு பகுதி உயிரோடிருந்தது, பிள்ளைகளுக்குத் தெரியாது.

இலங்கைத் தமிழில் நாங்கள் அதைக் கலம் என்கிறோம். பானையும் கலம், உடலின் நுண்ணிய அறையும் கலம். பானையைச் செய்தவர் பெயர் தெரியாமல் தண்ணீர் குடிக்கலாம். உடலின் கலம் அப்படி இல்லை, அதற்குள் ஒரு பரம்பரையே எழுதப்பட்டிருக்கிறது. 2013இல் ஹீலாவின் மரபணுத் தொகுதியை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டபோது, தங்கள் உடலின் இரகசியமும் அதோடு வெளியாகிவிட்டதைக் கண்டு குடும்பத்தார் துடித்தார்கள். அதே ஆண்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் அவர்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அந்தத் தரவைக் கேட்பவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் குடும்பத்தாரும் இருப்பார்கள். 2023இல், அந்தக் கலங்களால் பணம் ஈட்டிய தேர்மோ ஃபிஷர் நிறுவனம், குடும்பத்தார் தொடுத்த வழக்கை இணக்கமாகத் தீர்த்துக்கொண்டது. கேட்க வேண்டிய கேள்வி, எழுபத்திரண்டு ஆண்டுகள் கடந்து, பேரப்பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது.

"அன்று கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் இந்த நன்மையெல்லாம் கிடைத்திருக்குமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நேர்மையான கேள்வி. தட்டிக்கழிக்கக் கூடாது. ஹீலாக் கலங்களில் மனிதப் பப்பிலோமா வைரசைக் கண்டவர்களில் ஒருவரான ஹரால்ட் ஸூர் ஹவுசன், அந்த வைரஸ் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம் என்று நிறுவி 2008இல் நோபல் பரிசு பெற்றார். அந்த அறிவிலிருந்து தடுப்பூசி வந்தது. 2017 முதல் இலங்கையில் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு அது போடப்படுகிறது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் தோளில் ஏறும் அந்த ஊசிக்குப் பின்னால், பெயர் தெரியாத தூரத்தில், ஒரு தாய் நிற்கிறார். நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆனால் அதே தடுப்பூசிதான் எனக்கு மறுபக்கத்தையும் காட்டியது. 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், பாத் என்ற அமெரிக்க நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்த திட்டமொன்றில் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போட்டார்கள். பழங்குடிப் பிள்ளைகள் பலர், விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. திட்டத்தின்போது நேர்ந்த மரணங்களுக்கு ஊசி காரணமல்ல என்றே விசாரணை கண்டது. ஆனால் சம்மதப் படிவங்களைப் பார்த்தபோது, ஆந்திராவில் சோதிக்கப்பட்ட 9,543 படிவங்களில் 2,763 இல் விடுதிக் காப்பாளர்களே ஒப்பமிட்டிருந்தார்கள். தாயும் தகப்பனும் மலையில் இருக்க, பிள்ளையின் உடலுக்கு 'ஓம்' சொன்னது விடுதி. அந்தக் காப்பாளர்களில் நான் என்னைக் கண்டேன். நல்லதுதானே நடக்கிறது, நான் சொன்னால் போதாதா?

கேட்டால் மக்கள் தரமாட்டார்கள் என்ற பயத்துக்கு எங்கள் நாடே பதில் சொல்லியிருக்கிறது. 1958இல் ஹட்சன் சில்வா என்ற மருத்துவ மாணவர், இறந்தபின் கண்களைத் தாருங்கள் என்று பத்திரிகையில் எழுதி நாட்டு மக்களிடம் வெளிப்படையாகக் கேட்டார். 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கம் பிறந்தது. 1964இல் இங்கிருந்து கண்கள் சிங்கப்பூருக்குப் போயின. பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயின. சின்னத் தீவு, ஏழை நாடு. கேட்டார்கள், அள்ளிக் கொடுத்தது. கேட்பதால் தானம் வற்றுவதில்லை. கேட்டபோதுதான் அது தானமாகிறது.

கேட்காமல் எடுப்பது எங்கள் கரைக்கும் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த மாதங்களில் கூடாரங்களுக்குள் படிவங்களோடு எத்தனையோ பேர் வந்தார்கள். பிள்ளையை அலையில் விட்ட தாயிடம், இரவில் தூக்கம் வருகிறதா, எத்தனை தரம் கனவு காண்கிறாய் என்று கேட்டு அடையாளமிட்டுக்கொண்டு போனார்கள். ஒருநாள் ஒரு குழு, மறுநாள் இன்னொன்று. அடுத்த ஆண்டே அதுல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் லான்செட் மருத்துவ இதழில், சுனாமிக்குப் பிந்திய இலங்கையில் ஆராய்ச்சியின் அறம் பற்றி எழுதினார்கள். எங்கள் ஊரவர்கள் அந்த இதழை வாசித்ததில்லை. கண்ணீரைக் கொடுத்தோமா, எடுத்துக்கொண்டு போனார்களா என்ற வித்தியாசம் மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. கேட்காமல் எடுக்கும்போது ஒரு துளி இரத்தமோ சதையின் ஒரு துண்டோ மட்டும் போவதில்லை. கொடுத்தவர் என்ற பெயரும் போய்விடுகிறது. காப்பகத்தில் அடைபட்டிருந்த அந்த ஆறு பெண்கள் ஒரு நாட்டையே எச்சரித்தவர்கள். ஆனாலும் 'அவர்கள் தந்தார்கள்' என்று வரலாறு எழுத முடியாது. மறுத்தார்கள் என்றும் எழுத முடியாது. தருவதற்கும் மறுப்பதற்கும் இருந்த இடத்தையே எடுத்துவிட்டோம். மனிதன் ஏழையாக இருக்கலாம், நோயாளியாக இருக்கலாம், கைதியாகவும் இருக்கலாம். தன் உடலைப் பற்றி ஒரு சொல் சொல்லும் உரிமை இருக்கும்வரை அவனிடம் கொடுப்பதற்கு ஏதோ இருக்கிறது. அந்தச் சொல்லையும் நாமே சொல்லிவிட்டால், அவனிடம் எடுப்பதற்கு மட்டும்தான் ஏதோ இருக்கிறது.

எங்கள் ஊரில் கலியாணத்துக்குச் சொல்லும்போது வட்டாவில் வெற்றிலை வைத்து நீட்டுவார்கள். வாசலில் நின்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுப் போனால் அது அழைப்பாகாது. உள்ளே வந்து உட்கார வேண்டும், வெற்றிலை வைக்க வேண்டும், விஷயத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் வெற்றிலையைத் தொட்ட பிறகுதான் சொன்னதாகக் கணக்கு. நெருங்கிய உறவென்றால் அதை விட்டுவிடலாம் என்ற விதி இல்லை. நெருங்கிய உறவென்றால்தான் கட்டாயம். ஒரு நேரச் சோற்றுக்கு இப்படிக் கேட்கும் ஊரில் பிறந்த நான், அம்மாவின் சதைக்கு வெற்றிலை வைக்கவில்லை.

மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர்கள் போதனா வைத்தியசாலையின் வாட்டுகளில் நடந்து போவதைக் காண்கிறேன். எங்கள் பிள்ளைகள். நாளைக்கு அவர்கள் கையிலும் ஒரு படிவம் இருக்கும், எதிரே என் அம்மாவைப் போல ஒருத்தி இருப்பா. அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுதல் உண்டு. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள். அவவின் பேச்சில் சொல்லுங்கள். சொன்ன உடனே தாளை நீட்டாதீர்கள். கொட்டை உரசிய பானைபோல ஒரு பொழுது விட்டுவையுங்கள். மண் கீழே படியட்டும். ஓம் என்றாலும், வேண்டாம் என்றாலும், அது அவவிடமிருந்து வரட்டும்.

இந்தக் கட்டுரையை முடிக்கும்போது, கேட்டிருந்தால் அம்மா என்ன சொல்லியிருப்பா என்று எழுத மனம் உந்துகிறது. 'நாலு பேருக்கு உதவுமெண்டா எடுங்க' என்று சொல்லியிருப்பா என எழுதிவிட்டால் எனக்கும் ஆறுதல், வாசிப்பவருக்கும் நிறைவு. கொடுத்துப் பழகிய கை அவவுடையது. வெற்றிலைக் கட்டிலிருந்து நாலு இலை கூடுதலாக வைக்காமல் யாருக்கும் கொடுத்தறியாதவ.

ஆனாலும் எழுத மாட்டேன். அம்மாவின் பதில் எனக்குத் தெரியும் என்று எண்ணியதுதான் அந்த வாட்டில் நான் செய்த பிழை. அதே பிழையை அவ இல்லாதபோது இன்னொரு தரம் செய்வதா? எவ்வளவு அன்பிருந்தாலும், எவ்வளவு அறிவிருந்தாலும், ஒருவருடைய 'ஓம்' இன்னொருவரின் வாயில் இல்லை.

அம்மா என்ன சொல்லியிருப்பா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.